குறைந்த செலவில் வெளிநாட்டுப் பயணம்: டிக்கெட்டுக்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியவை

வெளிநாடு போகலாம் என்று தோன்றியதும் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்யும் வேலை, போனை எடுத்து விமான டிக்கெட் என்ன விலை என்று பார்ப்பதுதான். ஏதாவது சலுகை கண்ணில் பட்டால் உடனே எடுத்தும் விடுவார்கள். அப்புறம்தான் தெரியவரும், அந்த மாதம் அங்கே அடைமழை என்று, அல்லது விசா கைக்கு வரவே பல வாரம் ஆகும் என்று, அல்லது அந்த வாரம் அங்கே பெரிய பண்டிகை, அறை வாடகையெல்லாம் எகிறிக் கிடக்கிறது என்று. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதிலேயே கரைந்துவிடும். எங்கே தள்ளுபடி கிடைக்கும் என்று தேடி அலைவதைவிட, எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு முடிவு செய்வது என்ற வரிசைதான் செலவைக் குறைக்கும். முதலில் பணம். பிறகு நாடும் மாதமும். பிறகு விசா. அதற்கப்புறம்தான் டிக்கெட்.

பணத்தை எப்படி முடிவு செய்வது? உங்களால் கடன் வாங்காமல் செலவழிக்க முடிந்த மொத்தத் தொகையை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அது அவசரத்துக்கு. மிச்சமிருக்கும் தொண்ணூறில், எத்தனை நாள் தங்கினாலும் அதிகம் மாறாத செலவுகளை முதலில் கழியுங்கள்: விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், இரண்டு பக்கமும் விமான நிலையத்துக்குப் போய்வரும் செலவு. மீதி இருப்பதை நாள் கணக்கில் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு கையில் இருக்கும் என்று தெரிந்துவிடும். இந்த ஓர் எண் கையில் இருந்தால் போதும், எந்த நாடு நமக்குக் கட்டுப்படியாகும் என்பது தானாகவே தெளிவாகும்.

ஏனென்றால் டிக்கெட் மலிவாக இருக்கும் நாடு, பயணத்துக்கு மலிவான நாடாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு நாட்டுக்கு டிக்கெட் 30 பங்கு, அங்கே ஒரு நாள் செலவு 7 பங்கு என்றால், பத்து நாளுக்கு மொத்தம் 100 ஆகிவிடும். இன்னொரு நாட்டுக்கு டிக்கெட் 45, ஆனால் ஒரு நாள் செலவு 3 தான் என்றால் மொத்தம் 75. டிக்கெட்டில் 15 கூடுதலாகக் கொடுத்தும் கடைசியில் 25 மிச்சம். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து போன்ற நாடுகளில் சாதாரணச் சாப்பாடே கையைக் கடிக்கும். வியட்நாம், லாவோஸ், இந்தோனேசியா, ஜார்ஜியா போன்ற இடங்களில் அதே பணத்தில் இன்னும் பல நாள் நிம்மதியாக இருக்கலாம். தங்கும் நாள்கள் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போகும்.

ஒரு நாள் செலவு எவ்வளவு ஆகும் என்று இணையத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும் தளத்தில் நீங்கள் போகப்போகும் தேதியைக் கொடுத்து, ஆகக் குறைந்த விலையை விட்டுவிட்டு, நல்ல மதிப்பீடு உள்ள நாலைந்து அறைகளின் நடுத்தர விலையை எடுங்கள். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதிச் சாப்பாட்டுக் கடைகளைத் திறந்தால் மெனு கார்டைப் பலர் படமெடுத்துப் போட்டிருப்பார்கள், அதில் விலை இருக்கும் (படத்தின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய படமென்றால் விலையும் பழையது). மெட்ரோ, பஸ் கட்டணம் அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலைதான்.

அடுத்தது மாதம். நாட்டையும் மாதத்தையும் சேர்த்தேதான் முடிவு செய்ய வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பள்ளி விடுமுறை, கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். அதே ஊர்களுக்கு மே மாதத்திலோ செப்டம்பர் கடைசியிலோ போனால் வெயிலும் இதமாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். ஜப்பானில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை செர்ரி பூக்கும் காலம், அதற்கப்புறம் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை கோல்டன் வீக் விடுமுறை, இரண்டிலும் அறை கிடைப்பதே பெரும்பாடு. வியட்நாமில் ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும் டெட் புத்தாண்டின்போது ஊரே சொந்த ஊருக்குப் புறப்படுவதால் ரயிலில் இடம் இருக்காது, கடைகளும் பல நாள் மூடியிருக்கும்.

மழையைப் பற்றி ஒன்று. ஒரு நாடு முழுவதும் ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. தாய்லாந்தில் மே முதல் அக்டோபர் வரை புக்கெட் இருக்கும் மேற்குக் கடற்கரையில் மழைக்காலம். கிழக்கே வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமுயியில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். அதனால் ஜூலை மாதம் விடுமுறை கிடைத்தால் புக்கெட்டுக்குப் பதில் சமுயி போகலாம். வியட்நாமின் நடுப்பகுதியில் இருக்கும் ஹோய் ஆனில் அக்டோபர், நவம்பரில் வெள்ளமே வரும், அந்த மாதங்களில் அங்கே விலை குறைந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சீசன் இல்லாத நேரத்தில் போவது வேறு, போகவே கூடாத நேரத்தில் போவது வேறு. பெரிய சீசனுக்கு முன்னும் பின்னும் வரும் சில வாரங்கள்தான் நமக்கு வேண்டியவை.

நாடும் மாதமும் முடிவான பிறகு, எத்தனை ஊர் பார்ப்பது என்ற கேள்வி வரும். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இவ்வளவு தூரம் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பத்து நாளில் ஆறு ஊர் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் என்ன ஆகிறது என்று பாருங்கள். ரயில் அல்லது விமானக் கட்டணம். பெட்டியோடு நிலையத்துக்குப் போக ஒரு டாக்சி, அங்கே இறங்கி அறைக்குப் போக இன்னொரு டாக்சி. காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு மாலை 3 மணிக்கு அடுத்த அறை கிடைக்கும் வரை நடுவில் எங்காவது உட்கார்ந்து செலவு. பசியும் களைப்புமாக இருக்கும்போது நிலையத்துக்குள்ளேயே கண்ணில் பட்ட கடையில் சாப்பாடு. அரை நாள் போய்விட்டது, ஒன்றும் பார்க்கவும் இல்லை. ஆறு ஊர் என்றால் இது ஐந்து தடவை நடக்கும். இரண்டே ஊர் என்றால் ஒரே தடவை. அதுவும் போக, ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கினால் வாடகையில் வாராந்திரத் தள்ளுபடி கிடைக்கும், பக்கத்தில் எந்தக் கடை மலிவு, எந்த பஸ் எங்கே போகும் என்பதும் இரண்டாவது நாளே பிடிபட்டுவிடும்.

ஊர் ஊராகப் போவதற்கென்றே விற்கும் பாஸ்களையும் கணக்குப் போடாமல் வாங்காதீர்கள். ஜப்பானில் குறிப்பிட்ட நாள்களுக்கு ரயிலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போக விற்கும் ஜேஆர் பாஸ் நல்ல உதாரணம். பல வருடங்களாகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற நிலைமைதான் இருந்தது. 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தினார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000 யென், போய்வர 28,000. அந்த இரண்டு ஊர் மட்டும் பார்க்கப் போகிறவர் பாஸ் வாங்கினால் நஷ்டம்தான். இன்றைக்கும் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதை வாங்குகிறவர்கள் உண்டு. எந்த நாட்டுப் பாஸாக இருந்தாலும், நீங்கள் உண்மையிலேயே போகப்போகும் ரயில்களின் தனித்தனிக் கட்டணத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பாஸ் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நகரங்களில் விற்கும் சுற்றுலா அட்டைகளுக்கும் இதே கணக்குத்தான், ஒரு நாளில் நாலு அருங்காட்சியகம் பார்த்தால்தான் லாபம் என்றால் யாரால் முடியும்?

விசா. முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். நிறைய நாடுகள் அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து கிளம்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் இடம் அந்த நாட்டு அரசின் அதிகாரப்பூர்வத் தளமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள், ஏனென்றால் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த இடைத்தரகர் தளங்கள், பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், அதே இ-விசாவுக்குப் பல மடங்கு வாங்கிவிடுவார்கள்.

பட்ஜெட் பார்வையில் ஷெங்கன் விசா நல்ல பேரம்தான், 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, அந்த ஒரே விசாவில் 29 நாடுகள். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்காலத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால் சீக்கிரமே ஆரம்பியுங்கள். அப்புறம், உங்களுக்குக் கிடைத்தது ஒரு முறை மட்டும் நுழையும் விசா என்றால், பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டுத் திரும்பி ரோமுக்கு வர முடியாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, வெளியே போனதுமே அந்த விசா முடிந்தது. லண்டனையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் பயணத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ அதை வைத்துக்கொள்ளுங்கள் (அதற்குத் தனி விசா வேண்டுமா என்றும் பாருங்கள்). விசா உறுதியாகும் வரை திருப்பி வாங்க முடியாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். பல தூதரகங்களுக்கு விண்ணப்பத்தோடு டிக்கெட் முன்பதிவு இருந்தால் போதும், பணம் கட்டிய டிக்கெட் வேண்டியதில்லை.

சரி, இப்போது டிக்கெட். கூகுள் ஃப்ளைட்ஸிலோ ஸ்கைஸ்கேனரிலோ முழு மாதத்தின் விலையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். செவ்வாய், புதனில் கிளம்பினால் வார இறுதியைவிடக் குறைவாக இருப்பது சகஜம், ஆனால் அது சட்டமில்லை, காலண்டரைப் பார்த்து முடிவெடுங்கள். விலை ஏறி இறங்கும்போது மின்னஞ்சல் வரும்படி வைத்துக்கொண்டு சில வாரம் கவனித்தால் எது சாதாரண விலை, எது உண்மையிலேயே குறைந்த விலை என்று புரிந்துவிடும். எடுக்கும்போது விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். இடையில் வேறொரு தளம் இருந்தால், விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ இரண்டு பேரும் உங்களை மாற்றி மாற்றி அலைய விடுவார்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

போகும் ஊரும் திரும்பும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஹனோயில் இறங்கி ஹோ சி மின் நகரிலிருந்து திரும்பும்படி ஒரே டிக்கெட்டாக எடுத்தால், வடக்கிலிருந்து தெற்கு வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே வரலாம், மறுபடியும் ஹனோய்க்குத் திரும்பும் செலவே இல்லை. நடுவில் ஓர் இரவு ரயிலில் படுத்துக்கொண்டே வந்தால் ஓர் அறை வாடகையும் மிச்சம்.

மிக மலிவாகத் தெரியும் டிக்கெட்டுகளில் சில மறைமுகச் செலவுகள் உண்டு. பல குறைந்த கட்டண விமானங்களில் கையில் கொண்டுபோக 7 கிலோதான், கூடுதல் பெட்டிக்கு விமான நிலையத்தில் போய்க் கட்டினால் டிக்கெட் விலைக்கே வந்துவிடும், முன்பே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். அதைவிட நல்லது, வீட்டில் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, துவைத்துத் துவைத்துப் போடக்கூடிய அளவு துணி மட்டும் எடுத்துக்கொள்வது. எந்த விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் என்பதும் முக்கியம். பாரிஸ் போவே என்று பெயர் இருந்தாலும் அது பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டோக்கியோவில் ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது, நரிட்டா 60 கிலோமீட்டர். நள்ளிரவு 1 மணிக்கு இறங்கும் விமானம் என்றால் மெட்ரோ ஓடாது, டாக்சிதான். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு எது மலிவு என்று சொல்லுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டைச் சேர்த்து ஒரே பயணமாக விற்பதும் உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பெரும்பாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், புது டிக்கெட் உங்கள் கைக்காசு. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு விசா தேவைப்படலாம். அந்த வழியில்தான் போவது என்றால் நடுவில் ஏழெட்டு மணி நேரமாவது விடுங்கள். போய்வரும் டிக்கெட் எடுத்துவிட்டுப் போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால் பெரும்பாலும் திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்துக்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மெட்ரோ அல்லது ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம். ஊருக்கு நட்டநடுவில் இருக்க வேண்டாம், நாலைந்து நிலையம் தள்ளி இருந்தாலே வாடகை நன்றாக இறங்கும். தனியாகப் போகிறவருக்குப் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு படுக்கை மட்டும் எடுப்பது மலிவு, ஆனால் மூன்று நாலு பேர் சேர்ந்தால் நாலு படுக்கையைவிட சமையலறையோடு ஒரு சின்ன வீடு குறைவாக வரும். விலையைப் பார்க்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம், நகரத்தின் சுற்றுலா வரி எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் அந்த வரி மட்டும் அறை வாடகையில் 12.5 சதவீதம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாக முதலில் எடுத்து வைத்துவிட்டு, கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் அதே தேதிக்கு மறுபடி விலை பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாகப் பதிவு செய்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம்.

சாப்பாட்டில் வயிற்றைக் கட்டிச் சேமிக்க வேண்டாம், மதியத்தைப் பெரிய சாப்பாடாக்கினால் போதும். ஸ்பெயினில் வார நாள்களில் மதியம் மெனு டெல் டியா என்று பல உணவகங்களில் ஒரே விலைக்கு முதல் வகை, இரண்டாம் வகை, இனிப்போ காபியோ எல்லாம் சேர்த்துத் தருவார்கள், அதே கடையில் இரவு சாப்பிட்டால் செலவு வேறு. ஜப்பானிலும் மதியச் செட் சாப்பாடு இரவைவிட மலிவு, மாலையில் சூப்பர் மார்க்கெட்டுகளில் தயார் உணவுப் பெட்டிகளுக்குத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிப்பார்கள், நேரம் ஆக ஆகத் தள்ளுபடியும் கூடும்.

இலவசமாகப் பார்க்கக் கிடைப்பவற்றைப் பட்டியல் போட்டுக்கொண்டு அதைச் சுற்றி நாளை அமைத்தால் மிச்சம் நிறைய. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் அப்படியே. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். சியோலில் கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்திப் போனால் கியோங்போக்குங் அரண்மனைக்குள் டிக்கெட் இல்லாமல் விடுகிறார்கள்.

பணம் மாற்றுவதில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். வெளிநாட்டுக் கடையில் கார்டை மெஷினில் வைத்ததும் திரையில் இரண்டு தொகை காட்டும், ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று உங்கள் ஊர்ப் பணத்தில். பழக்கப்பட்ட எண்ணைப் பார்த்ததும் விரல் அதற்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். உங்கள் ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த மெஷினின் பக்கம் இருப்பவர்கள், அதில் அவர்கள் லாபமும் சேர்ந்தே இருக்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா என்று கேட்கும், மறுத்தால் பணம் வராதோ என்று பயந்து நிறையப் பேர் சம்மதித்துவிடுவார்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும், அவ்வளவுதான். சின்னச் சின்னத் தொகையாகப் பல தடவை எடுக்காமல், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு என்பதால், நாலைந்து நாளுக்கு ஆவதை ஒரே தடவை எடுங்கள். இரண்டு கார்டு கொண்டுபோங்கள், ஒன்று பர்ஸில், ஒன்று பெட்டியில். லண்டன் போன்ற ஊர்களில் காண்டாக்ட்லெஸ் கார்டையே மெட்ரோவில் தட்டிப் போகலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு, ஆனால் நாள் முழுக்க அதே கார்டைத் தட்ட வேண்டும், ஒரு தடவை கார்டு ஒரு தடவை போன் என்றால் இரண்டையும் தனித்தனி ஆளாக எடுத்துக்கொள்ளும்.

இன்சூரன்ஸை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், மற்ற நாடுகள் கேட்காவிட்டாலும் எடுங்கள், ஓர் எலும்பு முறிவுக்கு ஆகும் மருத்துவமனைச் செலவு முழுப் பயணத்தையும் தாண்டிவிடும். டிக்கெட் எடுத்த கையோடு வாங்கினால், கிளம்புவதற்கு முன்னால் உடம்பு சரியில்லாமல் பயணமே ரத்தானாலும் பணம் திரும்பக் கிடைக்கும் பாலிசிகள் உண்டு. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு படி கவனம் தேவை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 உடன்படிக்கைப்படி ஒன்று, 1968 உடன்படிக்கைப்படி ஒன்று என இரண்டு வகை. ஜப்பானில் 1949 வகைதான் செல்லும், வியட்நாமில் 1968 வகை. தவறான வகையை வைத்துக்கொண்டு ஓட்டி விபத்து நடந்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். கடைக்காரர் அதையெல்லாம் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். உங்கள் அனுமதியின் அட்டையிலேயே எந்த வருட உடன்படிக்கை என்று அச்சிட்டிருக்கும், வண்டி எடுக்கும் முன்னால் அதைப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் பஸ்ஸிலோ ஓட்டுநரோடு வரும் வண்டியிலோ போய்விடுங்கள்.